கொம்புக்குப் பூசிய மிச்சம்

உங்களில் எத்தனை பேர் வீட்டில் மோட்டார் சைக்கிளுக்கு மாட்டுப் பொங்கல் கொண்டாடியிருக்கிறீர்கள்? கையைத் தூக்க வேண்டாம், தோள்பட்டை பிடித்துக்கொள்ளும். நம் வயதுக்கு மனசுக்குள் ஆமாம் என்று சொன்னால் போதும். எங்கள் வீட்டில் கொண்டாடினோம். விளையாட்டுக்கு இல்லை, பயபக்தியோடு.

உத்திரமேரூரிலிருந்து மானாம்பதி போகிற ரோட்டை விட்டு இறங்கி, ஏரிக்கரை மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் எங்கள் ஊர். ஊருக்குள் பஸ் வராது. நைனா விடியற்காலையில் பால் கேன்களை மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும் கட்டிக்கொண்டு போய் உத்திரமேரூர் டீக்கடைகளுக்கு ஊற்றிவிட்டு வருவார். வாங்கும்போதே அது இன்னொருவர் ஓட்டி அலுத்த வண்டி. ஆனாலும் ஊரில் இருந்த ஒரே மோட்டார் சைக்கிள் என்பதால், எங்கள் வீட்டுக்கு வழி கேட்டு வருகிறவர்களுக்கு வண்டியின் பெயரைச் சொல்லித்தான் கை காட்டுவார்கள்.

நைனாவின் நியாயம் எளிமையானது. உழுகிற மாட்டுக்குக் கொம்பில் பெயிண்ட் பூசுகிறோம். பால் சுமக்கிற வண்டி மட்டும் என்ன பாவம் செய்தது? அதற்குக் கொம்பில்லை, என்ஜின் இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு மாட்டுப் பொங்கலுக்கும், கொம்புக்குப் பூசிய மிச்சத்தை அதே பிரஷ்ஷால் என்ஜின் முழுவதும் அப்பிவிடுவார். மேலே சந்தனம், குங்குமம். ஹேண்டில்பாருக்கு மாவிலையும் கரும்புத் துண்டும். மாடுகளுக்குக் காட்டிய கற்பூரத்தை வண்டிக்கும் காட்டி, "பொங்கலோ பொங்கல்" என்று தட்டு தட்டுவோம். ஒரு வருஷம் நீலம், ஒரு வருஷம் சிவப்பு, மாடு கன்று போட்ட வருஷம் தாராளமாக இரண்டு கலர். பழையதைச் சுரண்டுவது என்ற பேச்சே இல்லை.

"சாமிக்கு சாத்தின பொடவைய உரிச்சிட்டா புதுசு சாத்துவாங்க?" என்பார் நைனா.

"உரிச்சிட்டுதான்யா சாத்துவாங்க," என்பாள் அம்மா. நைனாவுக்கு அது காதில் விழாது.

கொம்பு சூடாகாது, என்ஜின் சூடாகும். இந்தச் சின்ன வித்தியாசத்தை நைனா கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. சித்திரை வெயிலில் நாலு நாள் ஓடியதும் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, பிறகு சருகு சருகாக உரியும். வண்டி நிற்கிற இடத்திலெல்லாம் கலர் செதில்கள் கொட்டிக் கிடக்கும். நான் அதைப் பொறுக்கி எச்சில் தொட்டு நெற்றியில் பொட்டாக ஒட்டிக்கொள்வேன். சிந்திய பால் என்ஜினில் தீய்ந்து, பெயிண்ட் வாசனையோடு கலந்து ஒரு நெடி வரும். இன்றைக்கும் அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்தால் எனக்கு நைனாதான் வாசலுக்கு வந்துவிட்டார் என்று தோன்றும். ஊரில் வண்டிக்குச் 'சொறி வண்டி' என்று பெயர் விழுந்துவிட்டது.

பெயர் விழுந்தது பரவாயில்லை. அந்த வருஷம் தை கழிந்ததும் வண்டி வழியிலேயே நிற்க ஆரம்பித்தது. அதுவும் ஏரிக்கரை மேட்டில், பாதி ஏறியதும், தொண்டை அடைத்தது போல ஒரு சத்தம் போட்டு நின்றுவிடும். அரை மணி நேரம் ஆறப் போட்டால் மறுபடி கிளம்பும். அதற்குள் பால் திரிந்துவிடும். நைனாவின் அண்ணன், அதாவது எங்கள் பெரியப்பா, வந்து என்ஜினைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"மூச்சு வாங்குதுடா இதுக்கு. பிஸ்டன் தேஞ்சிபோய்ட்டுகீது. இன்னும் ரெண்டு மாசம் தாங்காது."

பெரியப்பாவிடம் இருந்தது ஒரு சைக்கிள். ஆனால் உலகத்து இயந்திரங்கள் எல்லாவற்றுக்கும் அவரிடம் தீர்ப்பு இருந்தது.

இதில் உருண்டது அக்காவின் தலை. அக்கா பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, உத்திரமேரூர் கடைத்தெருவில் டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டிருந்தாள். காலை ஆறு மணி வகுப்பு. பால் கேன்களுக்கு நடுவில் உட்கார்ந்து நைனாவோடு போய், வெயில் ஏறுவதற்குள் வந்துவிடுவாள். பங்குனியில் காஞ்சிபுரத்தில் பரீட்சை. அதில் தேறினால் ஏதாவது ஒரு ஆபீசில் வேலைக்கு எழுதிப் போடலாம் என்பது அவள் கனவு. வகுப்பு நின்றால், தையில் வந்து பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் போன பழையசீவரத்து மாப்பிள்ளை வீட்டாருக்குச் சரி என்று சொல்ல வேண்டியதுதான். இரண்டுக்கும் நடுவில் இருந்தது அந்த ஏரிக்கரை மேடு. ரோட்டில் முதல் பஸ் வருவதற்குள் ஆறு மணி வகுப்பு முடிந்துவிடும். நடந்து போகலாமே என்பீர்கள். இருட்டில் ஏரிக்கரை மேல் பெண் பிள்ளையைத் தனியாக அனுப்ப நைனா சம்மதிக்கவில்லை. பெரியப்பாவிடம் சைக்கிள் கேட்கலாம். கொடுப்பார். கொடுத்ததை ஊரெல்லாம் சொல்வார்.

ஒரு நாள் மாட்டுத் தரகர் வந்தார். முறுக்கிய மீசை, தோளில் பச்சைத் துண்டு. வழக்கமாக எங்கள் வீட்டு மாட்டை விற்கவோ வாங்கவோ வருகிறவர். அன்று நைனாவும் அவரும் புளிய மரத்தடியில் நின்றுகொண்டு, துண்டுக்குள் கையை விட்டுக்கொண்டார்கள். உங்களுக்குத் தெரியுமே, சந்தையில் விலையை வாயால் பேசமாட்டார்கள். துண்டுக்கு அடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்துப் பேசுவார்கள். பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. துண்டை எடுத்துவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு வார்த்தை மாறுகிறவன் சந்தைக்குள் தலை காட்ட முடியாது.

"இன்னா மாடு பேசினீங்க?" என்று அம்மா கேட்டாள்.

"மாடு குடுக்கல. வண்டிய குடுக்கறேன். கறவை எருமை ஒண்ணு ஓட்டினு வராரு அடுத்த சந்தையன்னிக்கு," என்றார் நைனா. "எருமைக்கு பெட்ரோல் ஊத்த வேணாம். மேட்டுல நிக்காது."

அக்கா நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அழுதாளா என்று எட்டிப் பார்த்தேன். அழவில்லை. காலண்டரில் சந்தைக் கிழமையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நைனாமேல் எனக்கு அன்று வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. மகளைவிட எருமை பெரிதாகிவிட்டதா என்று நினைத்தேன். இப்போதுதான் விளங்குகிறது. பால் கெட்டுப்போய் டீக்கடைக்காரர்கள் முகம் சுளித்ததை அவர் வீட்டில் சொல்லவே இல்லை. மேட்டில் நின்ற வண்டியைத் தள்ளுகிறபோது ஊர் சிரித்ததையும் சொல்லவில்லை. மனுஷன் பயந்துபோயிருந்தார். பயத்தைச் சொல்லத் தெரியாததால் எருமையைச் சொன்னார்.

மறுநாள் வண்டி எப்படியோ உத்திரமேரூர் போய்ச் சேர்ந்தது. வகுப்பு முடிந்து நைனாவுக்காகக் காத்திருந்த அக்கா, டைப்ரைட்டிங் வகுப்புக்கு எதிரில் இருந்த மெக்கானிக் கடையில் இன்னொரு வண்டியின் என்ஜினைப் பார்த்திருக்கிறாள். அதன் உடம்பில் தகடு தகடாக அடுக்கு இருந்தது. அடுக்குகளுக்கு நடுவில் இடைவெளி இருந்தது. எங்கள் வண்டியில் அந்த இடைவெளியே இல்லை. பல்லில்லாத ஈறு போல மொழுக்கென்று இருக்கும்.

"அது காத்து போற சந்துமா. அதுல காத்து பூந்து போனாதான் எஞ்சின் ஆறும்," என்றாராம் மெக்கானிக். "உங்க நைனா இத்தினி வருசமும் பெயிண்டு, மண்ணு, சாணி எல்லாம் வெச்சி பூசி மெழுகிட்டாரு. சட்டை மேல சட்டையா பத்து சட்டை மாட்டிவுட்டு மேட்டுல ஓடுன்னா, நீதான் ஓடுவியா?"

அக்கா வீட்டுக்கு வந்ததும் நைனாவிடம் சொன்னாள். "பிஸ்டன் நல்லா கீது நைனா. மேல கீற தோலுதான் கோளாறு. உரிச்சி எடுத்துட்டு, சைலன்ஸருக்கு அடிக்கிற சூடு தாங்கற பெயிண்டு மெல்லிசா ஒரு தபா அடிச்சா போதுமாம்."

"துண்டு போட்டு பேசிட்டேன்," என்றார் நைனா.

"சந்தைக்கு இன்னும் நாள் கீதே. அதுவரிக்கும் வண்டி நம்புளுதுதான?"

நைனா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். மறுநாளிலிருந்து பால் கேன்களைத் தலைச்சுமையாக ரோடு வரை கொண்டுபோய் பஸ்ஸில் ஏற்றினார். வண்டியைக் களத்து மேட்டில் நிறுத்திவிட்டுச் சாவியை மாடத்தில் வைத்தார். மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று அக்கா எடுத்துக்கொண்டாள். சந்தை வரைக்கும் வகுப்பு போனாலும் பரவாயில்லை என்று இறங்கிவிட்டாள்.

மாசி மாதம். அறுப்பு முடிந்து களம் காலியாகக் கிடந்தது. மெக்கானிக் ஒரு மாலை வந்து என்ஜினின் இரண்டு பக்க மூடிகளையும் கழற்றிக் கொடுத்துவிட்டு, திறந்த வாய்களைத் துணியால் அடைத்து, "இதுக்குள்ள தூசி போனா நானே வந்து உங்களுக்கு எருமை வாங்கி குடுத்துடுவேன்," என்று மிரட்டிவிட்டுப் போனார். நாங்கள் கிருஷ்ணாயிலைத் தேய்த்து ஊறவைத்து, மூங்கில் சிராயாலும் உடைந்த ஹேக்சா பிளேடாலும் சுரண்டினோம். பச்சை உரிந்தால் சிவப்பு. சிவப்பு உரிந்தால் நீலம். நீலத்துக்கு அடியில் ஒரு மஞ்சள் வந்தது. எந்த வருஷத்து மஞ்சள் என்று அம்மாவுக்கே ஞாபகம் வரவில்லை. ஒரு சந்தில் கருகிய வேப்பம்பூ இருந்தது. இன்னொன்றில் என் காணாமல் போன கம்மலின் திருகாணி இருந்தது. அதற்காக இரண்டு வருஷத்துக்கு முன் முதுகில் வாங்கிய அடியை அம்மாவுக்கு ஞாபகப்படுத்தினேன். "குடுத்த அடிய திரும்ப வாங்கிக்க முடியுமா?" என்றுவிட்டு அவள் சுரண்டுவதைத் தொடர்ந்தாள்.

தகடுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. நடுவில் என் சுண்டுவிரல் நுழைந்தது. அதைப் பார்த்ததும் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

பக்க மூடிகள்தான் பேஜார். வளைவும் நெளிவுமாக இருந்த அவற்றில் பெயிண்ட் இறுகிப் போயிருந்தது. அப்போது பெரியப்பா ஒரு தகர டப்பாவோடு வந்தார்.

"காஸ்டிக் சோடா. சோப்பு காய்ச்சறவன்கிட்ட வாங்கினு வந்தேன். இதுல போட்டா தோலே கழண்டுரும், பெயிண்டு இன்னா பெரிய இது?"

அவர் சொன்னதில் பாதி உண்மை. அண்டாத் தண்ணீரில் அதைக் கரைத்து மூடிகளைப் போட்டதும் நுரை பொங்கியது. தொண்டையைக் கமறும் ஆவி வந்தது. கலர் கலராகப் பெயிண்ட் பாய் போலச் சுருண்டு மிதந்தது. நாங்கள் கை தட்டினோம். பெரியப்பா மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு குச்சியால் மூடிகளைத் தூக்கிப் பார்த்தால், இரண்டும் அட்டைக் கரி. அடுப்புக்கு அடியில் கிடந்த சட்டிகூட அவ்வளவு கறுப்பில்லை. தேய்த்தோம், கழுவினோம், மணல் போட்டோம். கறுப்பு அசையவில்லை.

"கருப்பும் ஒரு கலருதான?" என்றார் பெரியப்பா. சொல்லிவிட்டு, வீட்டில் வேலை இருப்பதாக ஞாபகம் வந்து கிளம்பிவிட்டார்.

அக்கா அப்போதுதான் அழுதாள். களத்து மண்ணில் கால் நீட்டி உட்கார்ந்து, கிருஷ்ணாயில் கையால் முகத்தைத் துடைத்து, கண் எரிய எரிய அழுதாள். "நான் தொட்டதெல்லாம் இப்பிடிதான் ஆவும். பழையசீவரத்துக்கு சொல்லி அனுப்சிடுமா," என்றாள். அம்மா அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அக்கா அழுது பார்த்துப் பழக்கமில்லை.

அது புளி உலுக்குகிற காலம். என் பாவாடை முடிச்சில் எப்போதும் புளி உருண்டை இருக்கும். புதுப் புளி, உப்பு, மிளகாய், சீரகம் வைத்து இடித்து, விளக்குமாற்றுக் குச்சியில் குத்தியது. நமக்கெல்லாம் அதுதான் அப்போதைய ஐஸ்கிரீம். துக்கத்திலும் அதைச் சப்பிக்கொண்டுதான் இருந்தேன். அக்காவுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று மூடியைத் தூக்கி மடியில் வைத்து, என் பிசுபிசுத்த விரலாலேயே தடவிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், விரல் பட்ட இடத்தில் வெள்ளையாக ஒரு கோடு.

"யம்மா, இங்க பாரு."

அம்மா பார்த்தாள். கட்டைவிரலால் அந்தக் கோட்டை அழுத்தித் தேய்த்தாள். இன்னும் வெளுத்தது. பிறகு அவள் எழுந்த வேகத்தில் என் புளி உருண்டை மண்ணில் விழுந்தது. அவள் வீட்டுக்குள் ஓடி, வருஷத்துக்கென்று உப்புப் போட்டு அடைத்து வைத்திருந்த புளிப்பானையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"ஈயக் குண்டான்ல புளி கரைச்சா உள்ள வெளுத்துக்கினு வருமே, அதே ஜாதிதான் இது," என்றாள். அலுமினியம்தான் அவளுக்கு ஈயம். "வருசத்துக்கும் கொழம்பு இல்லன்னா போவுது. தேயிங்கடி."

தேய்த்தோம். புளியைச் சுடுதண்ணீரில் கரைத்து ஊற்றி, தேங்காய் நாரால் தேய்த்தோம். விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கி, நகக்கண் எரிந்தது. கறுப்பு பழுப்பாகி, பழுப்பு சாம்பலாகி, மெல்ல மெல்ல உலோகம் கண்ணைத் திறந்தது. பிறகு தண்ணீர் தொட்டு உப்புத்தாள். அதற்குப் பிறகு குத்துவிளக்குக்குப் போடுகிற பாலீஷை நைனாவின் பழைய வேட்டித் துணியில் தொட்டுத் துடைத்தோம். கடைசியில் அதில் என் முகம் தெரிந்தது. மூக்கு மட்டும் பூசணிக்காய் அளவுக்கு இருந்தாலும் என் முகமேதான். அந்தக் கணத்தின் சந்தோஷத்தை அதற்குப் பிறகு எந்தக் கண்ணாடியும் எனக்குக் கொடுக்கவில்லை.

மெக்கானிக் வந்து மூடிகளை மாட்டினார். தகடுகளுக்குச் சூடு தாங்கும் கறுப்புப் பெயிண்டை அக்காவே மெல்லிசாக அடித்தாள். அதை இறுகவைக்க என்ஜினைச் சூடாக்க வேண்டும், அதற்கு வண்டியை ஓட்ட வேண்டும் என்றார் மெக்கானிக். நைனா வயலில் இருந்தார். அக்கா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மெக்கானிக் சொல்லச் சொல்ல, களத்தைச் சுற்றி முதல் கியரில் ஓட்டினாள். இரண்டு முறை வைக்கோல் போரில் மோதினாள். மாலைக்குள் போரை விட்டு விலகி, கியர் மாற்றி ஓட்டப் பழகிவிட்டாள். வரப்பு மேல் நின்று நைனா இதைப் பார்த்தார் என்பதை அம்மா எனக்கு ரொம்ப வருஷம் கழித்துச் சொன்னாள்.

சந்தை நாள் வந்தது. விடிவதற்கு முன்பே தரகர் எருமையோடு வந்துவிட்டார். நல்ல எருமைதான், குறை சொல்லக் கூடாது. அதைப் புளிய மரத்தில் கட்டிவிட்டு வண்டியைத் தேடினார். வண்டி அவருக்கு எதிரிலேயே நின்றது. இரண்டு தரம் கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

"இன்னாபா, புது எஞ்சின் மாத்திட்டியா?" என்றவர், சுதாரித்துக்கொண்டு சிரித்தார். "நல்லதாப்போச்சு. சாவிய எடு."

நைனா மாடத்தைப் பார்த்தார். அம்மா வாசலுக்கு வந்தாள்.

"இன்னாண்ணா, சந்தையில ஒரு நாயம் உண்டே. சினை மாட்ட பேசி முடிச்சிட்டு, ஓட்டினு போறதுக்குள்ள கன்னு போட்டுட்டா இன்னா பண்ணுவீங்க?"

"பேச்சு முறிஞ்சிச்சி. புதுசா பேசணும். பாத்த மாட்டுக்குதான பேச்சு."

"அப்ப நீங்க துண்டு போட்டு பேசனது சொறி வண்டிய. அது எங்க கீதுன்னு காட்டுங்க, தாராளமா இட்டுனு போங்க."

வேடிக்கை பார்க்க வந்த பெரியப்பாகூடச் சிரித்துவிட்டார். ஆனால் தரகர் லேசுப்பட்டவரா?

"மேல தோலு மாறினா கன்னு போட்டதா ஆய்டுமா? மேட்டுல நிக்கிற வண்டின்னுதான் பேசனோம். ஏரிக்கரை ஏறட்டும். ஏறிச்சின்னா எருமைய ஓட்டினு நான் போறேன். நின்னுச்சின்னா வண்டி என்னுது."

எல்லோரும் நைனாவைப் பார்த்தோம். நைனா சாவியை எடுத்து வந்தார். கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"நான் ஓட்ட மாட்டேன்," என்றார். "துண்டுக்குள்ள கை வெச்சவன் நானு. என் வாக்க நானே மிதிச்சினு மேடு ஏற மாட்டேன்." பிறகு சாவியை அக்காவிடம் நீட்டினார். "வாக்கு குடுக்காதவங்க ஓட்டலாம்."

அக்கா சாவியை வாங்கிப் போட்டாள். உதைத்தாள். மூன்றாவது உதையில் என்ஜின் பிடித்தது. தரகர் சும்மா இருப்பாரா? பாரம் இல்லாமல் ஏறினால் செல்லாது என்றார். அம்மா நிறைந்த பால் கேன்களை இரண்டு பக்கமும் கட்டினாள். அக்கா தாவணியை இடுப்பில் இறுக்கிக்கொண்டு கிளம்பினாள். ஊர் முழுக்கத் தெருவில் நின்றது. மேட்டின் அடியில் கியர் மாற்றினாள். பாதி மேடு. வழக்கமாக நிற்கிற இடம். சத்தம் கனத்தது, இழுத்தது, பிறகு அப்படியே ஒரே மூச்சாக மேலே போய், கரையின் அந்தப் பக்கம் இறங்கி மறைந்தது.

நாங்கள் கத்திய கத்தலில் எருமை கயிற்றை அறுத்துக்கொள்ளப் பார்த்தது.

திரும்பி வருவாள் என்று நின்றோம். வரவில்லை. சத்தமும் தேய்ந்துபோனது. வெயில் வந்தது. தரகரின் முகம் மெல்ல மலர்ந்தது. "அந்தாண்ட போய் நின்னிருக்கும்," என்றார். நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கரை மேல் ஓடிப் பார்த்தார். கண்ணுக்கு எட்டியவரை வண்டியும் இல்லை, ஆளும் இல்லை. அம்மா சாமியறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். நாஷ்டா யாரும் சாப்பிடவில்லை, தரகரைத் தவிர.

வழக்கமாக அவள் வகுப்பு முடிந்து திரும்புகிற நேரத்துக்குத்தான் அந்தச் சத்தம் கேட்டது. அக்கா காலி கேன்கள் கடகடக்க மேட்டிலிருந்து இறங்கி வந்து, வாசலில் நிறுத்தினாள்.

"எங்கடி போய்ட்ட?" என்று அம்மா ஓடினாள்.

"இன்னாமா கேக்கற? ஆறு மணிக்கு க்ளாஸு இல்ல? பால ஊத்திட்டு, க்ளாஸு முடிச்சிட்டு வரேன்," என்றாள் அக்கா. "பரீட்சைக்கு பேர் குடுத்துட்டேன்."

தரகர் எழுந்து எருமையை அவிழ்த்தார். தோற்றதற்கு முகம் சுளிக்காமல், போகிறபோது என்ஜினை ஒரு தட்டுத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். பெரியப்பாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"இன்னாடா இது, பொட்டப்புள்ள மோட்டார் ஓட்டினு கடைத்தெருவுல போனா ஊரு இன்னா பேசும்?"

நைனா வண்டிக்குப் பக்கத்தில் குந்தி, சூடு ஆறாத என்ஜினுக்கு முன்னால் உள்ளங்கையைக் காட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எஞ்சினுக்கு இன்னாண்ணா தெரியும், மேல குந்தினது ஆணா பொண்ணான்னு," என்றார். பிறகு அக்காவைப் பார்த்து, "நாளைக்கு கேன நானே கட்டி வைக்கட்டுமா?" என்று கேட்டார்.